மலைப்பாதையும் பழைய ஸ்போர்ட்ஸ் காரும்

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. யானைகளுக்குப் பெயர் பெற்ற கண்டி மாநகரில் அந்த வழக்கு வேறொரு பிராணிக்கும் பொருந்தும். இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய, மழை பெய்தால் ஒழுகுகின்ற, அறுபது வயதைத் தாண்டிய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்தான் அது. அதை விற்றால் வசதியான புதிய வாகனம் வாங்கலாம். ஆயினும் சிலர் விற்பதில்லை. அரை நாள் ஓட்டத்துக்காக ஒரு வாரம் வாகனத்தின் அடியில் படுத்துக் கிடக்கிறார்கள்.

இதனைப் பணக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தக் கார்கள் எவ்வாறு இத்தனை காலம் தாக்குப்பிடித்தன என்று விசாரித்தால் விடயம் வேறு திசையில் செல்கிறது. தேயிலைத் தோட்டங்கள், அந்நியச் செலாவணி நெருக்கடி, மொழிப் பிரச்சினை, யுத்தம் ஆகிய எல்லாமே அந்தச் சிறிய வாகனத்தில் ஏறிக்கொண்டிருப்பது தெரியவருகிறது.

முதலில் பாதையைப் பார்ப்போம். 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. மலைகளால் காக்கப்பட்ட தலைநகரைத் தம் பிடிக்குள் வைத்திருக்க அவர்களுக்குப் பாதை தேவைப்பட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டிப் பாதை அமைந்தது. அதனை அமைத்த பொறியியலாளரான கப்டன் டோசன் 1829 இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. 1832 இல் அந்தப் பாதையில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. இராணுவத்துக்காகப் போட்ட பாதை பின்னர் கோப்பிக்கும் தேயிலைக்கும் பயன்பட்டது. மோட்டார்க் கார் வந்தபோது, பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகள் அதற்காகவே காத்திருந்தவை போல அமைந்தன.

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் ஆரம்பமானது. தேயிலைத் தோட்டத்தினூடாகச் செல்லும் குறுகிய பாதையில் ஒவ்வொரு வாகனமாகப் புறப்பட்டு, மிகக் குறைந்த நேரத்தில் உச்சியைத் தொடுவதே போட்டி. சித்திரை மாத விடுமுறைக் காலத்தின் பெரிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. ஓட்டியவர்கள் தோட்டத்துரைமாரும் கொழும்புச் செல்வந்தர்களும். அந்தச் சரிவுகளைத் துப்புரவாக்கித் தேயிலை நட்டவர்களின் வாரிசுகளோ பாதையோரத்தில் நிற்க வேண்டியவர்களாக இருந்தார்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மலைநாட்டு மோட்டார்ப் பந்தய வரலாற்றை எழுதுவோர் வெற்றி பெற்ற ஓட்டுநர்களின் பெயர்களை எழுதுகிறார்கள். பந்தயப் பாதை யாருடைய உழைப்பின் மேல் ஓடியது என்பதையும் ஒரு வரியில் எழுதிவைப்பது நியாயம்.

இனி வாகனங்களுக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பிரித்தானியா ஏற்றுமதிக்காகவே கார்களைச் செய்தது. 1945 முதல் 1949 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஏறத்தாழ 10,000 எம்.ஜி. ரி.சி. கார்கள் உருவாயின. 1955 இல் எம்.ஜி.ஏ., 1958 இல் ஒஸ்ரின்–ஹீலி ஸ்பிரைட், 1962 இல் எம்.ஜி.பி., அதே ஆண்டில் ட்ரயம்ப் ஸ்பிற்ஃபயர் என்பன வந்தன. இவற்றில் எதுவும் இன்றைய கணக்கில் வேகமான வாகனம் அன்று. ஸ்பிரைட்டின் 948 சி.சி. இயந்திரம் தந்தது 43 குதிரைவலுதான்.

இந்த 948 என்ற எண்ணைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1956 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 காரிலும் இருந்தது அதே 948 சி.சி. இயந்திரம். ஸ்பிரைட்டின் ஸ்ரியரிங் அமைப்பு மொறிஸ் மைனரிலிருந்து வந்தது. அதன் முன்சக்கரத் தொங்கலமைப்பு ஒஸ்ரின் ஏ-35 காருடையது. இரண்டு காபரேட்டர் பூட்டி, மெல்லிய உடம்பு போர்த்தி, கூரையை எடுத்துவிட்டால் குடும்பக் கார் ஸ்போர்ட்ஸ் காராகிவிடும். அவ்வளவுதான் இரகசியம்.

அந்த இரகசியமே இலங்கையில் அவற்றைக் காப்பாற்றியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது அரசாங்கம் கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, நாட்டில் இருந்த கார்களையே ஓட்டியாக வேண்டியிருந்தது. ஒரு வாகனம் பழுதானால் அடுத்தது வராது. ஸ்பிரைட் காருக்கென்று தனியாக உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. ஆனால் மொறிஸ் மைனர் ஊருக்கு ஊர் ஓடியது. வாடகைக் காருக்கும் வைத்தியரின் காருக்கும் வாங்கிய பாகமே ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்தியது. கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து எடுத்தார்கள். தேய்ந்த சிலிண்டரைப் பெருப்பித்து வேறு வாகனத்தின் பிஸ்டனைப் போட்டார்கள். வெளிநாட்டில் குப்பையில் எறியப்படும் பாகத்தை மூன்றாம் முறையும் பழுது பார்க்கின்ற கலை இந்தப் பஞ்சத்தில்தான் வளர்ந்தது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளின் புகழும் இத்தகைய தேவையை ஊட்டமாகக் கொண்டதே.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் உறவுமுறை உண்டு. இந்தியாவின் அம்பாசடர் காரில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. இயந்திரமும் எம்.ஜி.ஏ. காரின் முதல் இயந்திரமும் ஒரே குடும்பத்தவை. சென்னையில் 1961 முதல் ஸ்ரான்டர்ட் ஹெறால்ட் என்ற கார் தயாரிக்கப்பட்டது. அது ட்ரயம்ப் ஹெறால்டின் இந்திய வடிவம். அந்த ஹெறால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ஸ்பிற்ஃபயர் செய்யப்பட்டது. மாமியார் வீட்டில் பழைய ஹெறால்ட் ஒன்றைக் கண்ட தமிழக வாசகர், தாம் பார்த்தது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அக்காவை என்று இனிமேல் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

மலைநாட்டில் இத்தகைய காரை வைத்திருப்பதன் செலவு என்ன? முதற் செலவு ஈரம். கண்டியில் இரண்டு பருவக்காற்றுகளின் மழையும் உண்டு. தகரம் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே துரு தின்றுவிடும். ரி.சி. போன்ற கார்களில் தகரத்துக்குள்ளே மரச்சட்டம் இருக்கிறது. அது உக்கினால் மெக்கானிக் மட்டும் போதாது, தச்சரும் தேவை.

இரண்டாவது செலவு ஏற்றம். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். இந்த வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. புதிய வாகனங்களில் கணினி அதனை உணர்ந்து பெற்றோலைக் குறைக்கும். காபரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. கண்டியில் சரியாக இருந்த கலவை லபுக்கலையில் மிகையாகிவிடும். இயந்திரம் கறுப்புப் புகை கக்கித் திணறும். றம்பொடை ஏற்றத்தில் ரேடியேற்றர் கொதிப்பதும், வண்டியை ஓரங்கட்டி ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் இந்தப் பாதையின் பழைய சடங்குகள்.

மூன்றாவது செலவு இறக்கம். ஆரம்பகால ஸ்பிரைட்டில் நான்கு சக்கரங்களிலும் ட்ரம் பிரேக்குகளே இருந்தன. நீண்ட இறக்கத்தில் இடைவிடாது மிதித்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலைநாட்டு ஓட்டுநரின் வேதவாக்கு. ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே எண்ணிப்பார்க்க வேண்டும். இன்பமும் அங்கேதான் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில், காது, கை, கால், மூக்கு எல்லாம் விழித்திருக்க, தேயிலைத் தொழிற்சாலையின் வாசம் நேரே முகத்தில் வந்து மோதும். இயந்திரத்தின் சத்தத்தில் ஒரு சிறு மாற்றம் கேட்டாலும் என்ன தேய்கிறது என்று உரிமையாளருக்குப் புரிந்துவிடும். புதிய வாகனத்தில் சாரதி பெரும்பாலும் பிரயாணி. பழையதில் அவர் வாகனத்தின் ஓர் உறுப்பு.

இந்தக் கார்களின் இலக்கத்தகட்டையும் கவனிக்க வேண்டும். ரி.சி. காலத்து வாகனங்களில் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இணைத்த இலக்கங்கள் இருந்தன. 1957 முதல் புதிய வாகனங்களின் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாயிற்று. தமிழரசுக் கட்சி இதனை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ பொறித்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது அந்த எழுத்தை அழித்துத் தமிழில் எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. மலையகத்திலும் பதற்றம் பரவி, பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர். அந்த ஆண்டு மே மாதத்தில் நாடு கலவரத்தில் எரிந்தது. இன்று பழைய கார் வாங்குவோர் மூல இலக்கத்தகடு இருக்கிறதா என்று ஆவலோடு கேட்கிறார்கள். அவர்களுக்கு அது அசல் தன்மையின் அடையாளம். நம்மில் மூத்தவர்களுக்கு அந்த ஓரெழுத்து வேறொன்றின் நினைவு.

கண்டியில் தொடங்கும் ஏ-9 பாதை யாழ்ப்பாணத்தில் முடிகிறது. பாதையின் மறுமுனையில் அதே குடும்பத்துக் கார்கள் கடுமையான சோதனையைக் கடந்தன. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் வாடகைக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோலைப் பீய்ச்சி இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குறைந்த அழுத்த விகிதம் கொண்ட பழைய இயந்திரமாதலால் அது சாத்தியமாயிற்று. கண்டியில் விருப்பத்துக்காகச் செய்யப்பட்ட வித்தை, யாழ்ப்பாணத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதற்காகச் செய்யப்பட்டது. 1983 ஜூலையில் கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன என்பதையும், அதன்பின் புலம்பெயர்ந்தவர்களோடு தொழில் நுணுக்கங்களும் கப்பலேறின என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும்.

1977 இன் பின்னர் ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. அபிங்டன் தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டது. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நிறுத்தப்பட்டது. அது சூழலுக்கு நன்மை. ஆனால் ஈயத்தை நம்பி வடிவமைக்கப்பட்ட பழைய வால்வு இருக்கைகளுக்குக் கேடு. வேடிக்கையான திருப்பமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ல்ஸ் வேர் என்பவர் இலங்கையில் பங்காளரைத் தேடிக்கொண்டார். கையால் செய்யப்பட்ட உடற்பாகங்கள் இங்கிருந்து இங்கிலாந்துக்குச் சென்றன. பஞ்சத்தில் கற்ற கைத்தொழில் கார் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாயிற்று.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022 ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. பின்னர் கியூ.ஆர். அட்டை முறையில் வாராந்த அளவு நிர்ணயிக்கப்பட்டு, அது 2023 செப்டெம்பர் வரை நீடித்தது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகன இறக்குமதி, கனத்த வரிகளோடு, திறந்துவிடப்பட்டது. பழையதைத் திருத்தி ஓட்டுவது எப்படி என்ற 1960களின் பாடத்தை நாடு இரண்டாம் தடவை படித்தது. கற்பிக்க வேண்டிய கைகள் மட்டும் முன்னைவிடக் குறைவாக இருந்தன.

இப்பொழுது பாகங்களை இணையத்தில் வாங்கலாம். எம்.ஜி.பி. காருக்கு முழு உடம்பே புதிதாகக் கிடைக்கிறது. கிடைக்காதது, இரண்டு காபரேட்டர்களின் உறிஞ்சும் ஓசையை ஒரு ரப்பர் குழாய் வழியே கேட்டு அவற்றை ஒத்திசைக்கும் காது. அதைப் புத்தகத்தில் எழுதி அனுப்ப முடியாது. ஒரு பையன் சில ஆண்டுகள் கராஜில் நின்று, கையில் கிரீஸ் படிய, மூத்தவரிடம் ஏச்சு வாங்கிக் கற்க வேண்டும். மின்னணு வாகனம் பழுது பார்க்கப் போகும் இளைஞரை நாம் குறை சொல்ல முடியாது. அவருக்கும் குடும்பம் உண்டு.

இன்னொரு செலவையும் மறைக்கக் கூடாது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் உயிரிழந்தனர். மலைநாட்டில் வேகத்தின் விலையைப் பல தடவைகளில் பாதையோரத்தில் நிற்பவர்களே கொடுத்திருக்கிறார்கள்.

அதனால்தான் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சிறப்பு அதன் வேகத்தில் இல்லை என்கிறோம். மெதுவாக ஏறி, நின்று, ஆறி, மறுபடி ஏறும் அந்த வாகனம், தன்னைத் தாங்கிப்பிடித்த கைகளை நினைவில் வைத்திருக்கிறது. அதை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காரை கராஜுக்குக் கொண்டு செல்லும்போது, அங்கே நிற்கும் சிறுவனுக்கும் இயந்திர மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதற்காக ஒரு மணி நேரக் கூலி அதிகமானாலும் பரவாயில்லை. யானைக்குப் போடும் தீனியில் பாகனுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.