சுட்டுவரிசையும் பொருட்சார்பும் (தரவுத்தளம்)

சுட்டுவரிசை என்பது தொடர்புசார் தரவுத்தளத்தில், அட்டவணை முழுவதையும் படிக்காமல் வேண்டிய வரியை விரைந்து அடைய உதவும் துணை அமைப்பு ஆகும். இது இன்டெக்ஸ் எனவும் வழங்கப்படும். அட்டவணை, காட்சி, சுட்டுவரிசை, கட்டுப்பாடு முதலிய தரவுத்தளப் பொருட்களுள் ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்பது பொருட்சார்பு எனப்படும். தொடர்புசார் மாதிரியை எட்கர் காட் 1970 இல் முன்வைத்தார்.

சுட்டுவரிசை

தமிழக வருவாய்த்துறைப் பதிவேடுகள் இதனை விளங்கிக்கொள்ள உதவும். அ-பதிவேடு புல எண் வரிசையிலும், சிட்டா பட்டா எண் வரிசையிலும் அமைந்தவை. பெரம்பலூர் மாவட்டம் குரும்பலூரில் உள்ள ஒரே நிலத்தைப் புல எண் அறிந்தவர் முன்னதிலும், பட்டா எண் அறிந்தவர் பின்னதிலும் தேடலாம். தரவுத்தளத்தில் நில விவரத்தை ஒரே அட்டவணையில் வைத்து, இவ்விரு நிரல்களுக்கும் தனித்தனிச் சுட்டுவரிசை அமைத்தால் போதும். இதற்குப் பெரிதும் பயன்படும் பி-மரம் என்னும் அமைப்பை ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்கிரைட் ஆகியோர் உருவாக்கினர். அவர்களது கட்டுரை 1972 இல் வெளியானது.

சுட்டுவரிசையால் தேடல் விரைவுபடும். ஆயினும் புதிய வரி சேரும்போதெல்லாம் ஒவ்வொரு சுட்டுவரிசையும் திருத்தப்பட வேண்டும். ஆகவே தேவையற்றவற்றை நீக்குவது நன்று.

பொருட்சார்பு

சாதாரணச் சுட்டுவரிசையை நீக்கினால் தரவு அழியாது. தேடலின் வேகமே குறையும். முதன்மைத் திறவுகோலைத் தாங்கும் சுட்டுவரிசையைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் நேரடியாக நீக்க விடாது. அட்டவணையை நீக்கும்போது அதன் சுட்டுவரிசைகளும் உடன் நீங்கும். ஆனால் அதனைச் சார்ந்த காட்சி இருப்பின் கட்டளை மறுக்கப்படும். 'கேஸ்கேடு' எனச் சேர்த்தால் காட்சியும் சேர்ந்து நீங்கும். ஆரக்கிளில் காட்சி நீங்காது, செல்லாத நிலையை அடையும்.

மாவட்டப் பிரிப்பு: ஓர் எடுத்துக்காட்டு

1995 இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001 இல் பிரிந்த அரியலூர், 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 இல் மறுபடியும் தனி மாவட்டமானது.

மாவட்டம், கிராமம், நிலம் என்னும் மூன்று அட்டவணைகள் அயல் திறவுகோலால் பிணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அவற்றில் 'ஆன் டெலீட் கேஸ்கேடு' விதி இருந்து, 2002 இல் நிகழ்ந்தது போன்ற இணைப்பின்போது அரியலூர் வரியை முதலில் நீக்கினால், அம்மாவட்டத்தின் கிராமங்களும் நிலங்களும் முற்றாக அழிந்துவிடும். 'ரெஸ்டிரிக்ட்' விதி இருந்தால் நீக்கம் மறுக்கப்படும். கிராமங்களின் மாவட்டக் குறியீட்டை முதலில் மாற்றி, அதன்பின் பழைய வரியை நீக்குவதே முறையாகும்.

சார்ந்துள்ள அட்டவணையின் அயல் திறவுகோல் நிரலுக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தானாகச் சுட்டுவரிசை அமைப்பதில்லை. அதனை அமைக்காவிடில், ஒரு மாவட்ட வரியை நீக்கவும் கிராம அட்டவணை முழுவதும் படிக்கப்படும்.

முன்னெச்சரிக்கை

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அட்டவணை நீக்கத்தையும் பரிமாற்றத்துக்குள் செய்து, தவறெனில் மீளப் பெறலாம். மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் ஆகியவற்றில் அக்கட்டளை உடனே உறுதியாகிவிடும். அங்கு முன்னதாகக் காப்புநகல் எடுத்தல் இன்றியமையாதது.