மைலுக்கு இத்தனை சென்ட்: அமெரிக்க லாரி டிரைவர் விளம்பரங்களின் கதை

2022 ஏப்ரல்ல வால்மார்ட் ஒரு அறிவிப்பு விட்டாங்க. எங்க லாரி டிரைவர்கள் முதல் வருஷத்திலேயே 1,10,000 டாலர் வரைக்கும் சம்பாதிக்கலாம்னு. நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கே கொஞ்சம் பொறாமை வர்ற நம்பர். ஆனா அதே வருஷம் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொன்ன கணக்குப்படி, கனரக லாரி டிரைவர்களோட இடைநிலைச் சம்பளம் 49,920 டாலர். அதாவது பாதிப் பேர் அதுக்கும் கீழே.

ரெண்டுமே பொய் இல்ல. வால்மார்ட் கேட்டது ஏற்கெனவே 30 மாத அனுபவம் இருக்கிறவங்கள. கூடவே அந்த "வரைக்கும்"ங்கிற ஒரு வார்த்தை. ஆனா இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்துச்சு? அதுக்கு 1935-க்குப் போகணும்.

பொருளாதாரப் பெருமந்த காலம். கையில ஒரு லாரி இருந்தா போதும், கிடைச்ச வாடகைக்கு லோடு ஏத்துறாங்க. போட்டி போட்டு எல்லாரும் நஷ்டப்படுறாங்க. இதைக் கட்டுப்படுத்த 1935-ல் மோட்டார் கேரியர் சட்டம் வந்தது. புதுசா ஒரு கம்பெனி தொடங்கணுமா, அரசு ஆணையத்தோட அனுமதி வேணும். வாடகை எவ்வளவுன்னும் ஆணையத்திடம் பதிவு பண்ணணும்.

மூணு வருஷம் கழிச்சு, 1938-ல் இன்னொரு முக்கியமான சட்டம். குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். ஆனா மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுற லாரி டிரைவர்களுக்கு அந்த ஓவர்டைம் கிடையாது! காரணம், அவங்க வேலை நேரத்தைப் பாதுகாப்பு கருதி ஏற்கெனவே அந்த ஆணையம் பார்த்துக்குது, எதுக்கு ரெண்டு விதின்னு விட்டுட்டாங்க. அந்த விலக்கு இன்னைக்கு வரைக்கும் இருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அப்போ அது பெருசா வலிக்கல. ஏன்னா டீம்ஸ்டர்ஸ் யூனியன் இருந்துச்சு. அதோட தலைவர் ஜிம்மி ஹோஃபா 1964 ஜனவரியில நாடு முழுக்க ஒரே சம்பள ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தார். சுமார் 4 லட்சம் பேர் அதுக்குள்ள வந்தாங்க. கம்பெனிகளும் ஒத்துக்கிட்டாங்க, ஏன்னா வாடகைதான் கட்டுப்பாட்டுல இருக்கே. கூடுற சம்பளத்தைச் சரக்கு அனுப்புறவங்க தலையில கட்டிடலாம். ஹோஃபா புனிதர் ஒண்ணும் இல்ல, 1967-ல் சிறைக்குப் போனவர். ஆனா லாரி ஓட்டி வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வாழ்க்கை அந்தக் காலத்துல நிஜமாவே இருந்தது.

1980 ஜூலை 1. அதிபர் கார்ட்டர் புதுச் சட்டத்துல கையெழுத்துப் போடுறார். அனுமதிக் கெடுபிடி, வாடகைக் கட்டுப்பாடு ரெண்டும் தளர்ந்துடுச்சு. நோக்கம் நல்லதுதான், பொருள் விலை குறையணும். சரக்கு வாடகையும் குறைஞ்சது. ஆயிரக்கணக்குல யூனியன் இல்லாத புதுக் கம்பெனிகள் வந்தாங்க. குறைஞ்ச வாடகையோட பெரும் பங்கு டிரைவர் சம்பளத்துல இருந்துதான் போச்சு. பொருளாதார அறிஞர் மைக்கேல் பெல்சர் இதைப் பத்தி 2000-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

சரி, இப்போ விளம்பரத்தைப் பிரிச்சுப் பார்ப்போம். நம்ம ஊர் ஆஃபர் லெட்டர்ல சிடிசி ஒண்ணு, கைக்கு வர்றது ஒண்ணு இல்லையா? அதே கதைதான்.

உதாரணத்துக்கு, மைலுக்கு 60 சென்ட், வாரம் 3,000 மைல்னு போட்டிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. வாரம் 1,800 டாலர். 52-ஆல பெருக்கினா 93,600. ஆனா லோடு கிடைக்கிற வாரம், கிடைக்காத வாரம் எல்லாம் சேர்த்து சராசரியா 2,200 மைல்தான் ஓடுதுன்னா? வாரம் 1,320. லீவு போக 48 வாரம் ஓட்டினா 63,360.

இப்போ நேரத்தைப் பாருங்க. விதிப்படி 8 நாளைக்கு 70 மணி நேரம் வரை டியூட்டி பார்க்கலாம். வாரத்துக்கு 70 மணி நேரம்னே வெச்சுக்குவோம். 1,320-ஐ 70-ஆல வகுத்தா மணிக்கு 19 டாலர்கூட வரல. 1938-ல விட்டுப்போன ஓவர்டைமைச் சேர்த்துக் கணக்குப் போட்டா, இது மணிக்கு சுமார் 15.50 டாலர் அடிப்படைச் சம்பளத்துக்குச் சமம். அதுவும் வீட்டை விட்டு வாரக்கணக்கா லாரியிலேயே தூங்கி எழுந்து.

சக்கரம் சுத்தினாத்தான் காசு. குடோன் வாசல்ல லோடு இறக்கக் காத்திருக்கிற நேரத்துல முதல் 2 மணி நேரத்துக்குப் பல இடங்கள்ல ஒண்ணுமே கிடையாது. சில கம்பெனிகள் மைலையும் லாரி மீட்டர்படி எண்ணுறதில்ல. வீட்டுச் சாமான் மாத்துறவங்களுக்காகத் தயாரிச்ச பழைய தூரப் பட்டியல்படி எண்ணுவாங்க. அது நிஜமா ஓடின தூரத்தைவிடக் குறைவாத்தான் பெரும்பாலும் வரும்.

இதைவிட ஆபத்தானது "நீங்களே முதலாளி" விளம்பரம். கம்பெனி லாரியையே டிரைவருக்கு லீஸுக்குக் கொடுப்பாங்க. லீஸ் தொகை, டீசல், இன்ஷூரன்ஸ் எல்லாம் கழிச்சு மிச்சம்தான் சம்பளம். விளம்பரத்துல இருக்கிற பெரிய நம்பர், கழிக்கிறதுக்கு முந்தைய நம்பர். டொமினிக் ஒலிவேரான்னு ஒரு டிரைவர், காகிதத்துல ஒப்பந்ததாரர்னு போட்டுட்டு தனக்குக் குறைந்தபட்சக் கூலிகூடத் தரலன்னு நியூ பிரைம் கம்பெனி மேல வழக்குப் போட்டார். வழக்கு நீதிமன்றத்துக்கே வரக்கூடாது, தனி நடுவர்கிட்டதான் போகணும்னு கம்பெனி வாதாடியது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் 8-0 கணக்குல டிரைவர் பக்கம் நின்னது.

கடைசியா ஒண்ணு. நீண்ட தூரம் ஓட்டுற பெரிய கம்பெனிகள்ல, டிரைவர்கள் வேலையை விட்டுப் போற விகிதம் பல வருஷங்கள் 90 சதவீதத்தைத் தொட்டிருக்கு. 100 சீட்டுக்கு வருஷம் 90 பேரை எடுக்கணும்! அதனாலதான் விளம்பரம் நிக்கிறதே இல்ல. அந்த நம்பர் ஏற்கெனவே ஓட்டுறவங்களுக்காக எழுதினது இல்ல, இன்னும் ஓட்டாதவங்களுக்காக எழுதினது.

அதனால எந்த நாட்டு டிரைவர் வேலை விளம்பரம் உங்க ஃபோனுக்கு வந்தாலும், அதிகபட்சம் எவ்வளவுன்னு கேட்காதீங்க. போன வருஷம் சேர்ந்தவங்க சராசரியா எவ்வளவு கையில வாங்கினாங்க, எத்தனை மணி நேரத்துக்கு, அதுல எத்தனை பேர் இன்னும் அங்க இருக்காங்கன்னு கேளுங்க. பதில் வரலைன்னா, அதுவே பதில்.