அச்சேறியதும் வாசிக்கப்பட்டதும்: பெங்களூரின் ஒளியியலும் அறிவியல் கழகங்களும்

ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். 1928ஆம் ஆண்டு அந்நாளில்தான் கல்கத்தாவில் சி. வி. இராமன், சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறி வெளிப்படுவதை நிறமாலைக்காட்டியில் கண்டு உறுதிசெய்தார். அதற்குப் பதினேழு நாள் கழித்துப் பெங்களூரில் நிகழ்ந்ததை எந்த நாட்காட்டியும் குறிப்பதில்லை. மார்ச் 16, வெள்ளிக்கிழமை, இங்கே தென்னிந்திய அறிவியல் சங்கத்தின் தொடக்கவுரையை இராமன் நிகழ்த்தினார். உரையின் தலைப்பு ‘ஒரு புதிய கதிர்வீச்சு’. இராமன் விளைவு குறித்த விரிவான முதல் கட்டுரை என்று இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவது, அச்சங்கத்தின் மேடையில் நிகழ்ந்த அவ்வுரையின் அச்சு வடிவமே.

ஒளியியலின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாகச் சொல்லியே பழகிவிட்டோம். இப்பதிவு அம்மேதையரைச் சூழ்ந்து நின்ற சங்கங்களையும் கழகங்களையும் அவை நடத்திய இதழ்களையும் பற்றியது. அறிவியலர் கூடி அமைக்கும் ஓர் அமைப்பு தன் துறைக்கு எதைத் தர வல்லது, எதைத் தர இயலாதது என்ற இரண்டையும் ஒருசேரக் காட்டும் ஊர் பெங்களூர்.

‘கழகம்’ என்ற சொல்லையே முதலில் பார்க்கலாம். பிற்காலத்தில் கற்றோர் கூடும் அவையைக் குறித்த இச்சொல், திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறிக்கிறது. ஆய்வாளன் ஒருவன் தன் கண்டுபிடிப்பை எந்த அவையில், எந்த இதழில் வைப்பது என்று முடிவெடுக்கும்போது இவ்விரு பொருளும் பொருந்தி வருவதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் கல்கத்தா. 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் நன்கொடை திரட்டி நிறுவிய இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம் பவுபஜார் தெருவில் இருந்தது. 1907இல் நிதித்துறை அதிகாரியாக அந்நகருக்கு வந்த இராமன், அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தது அங்குதான். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது 1917இல். அதுவரை ஓர் அரசு அலுவலருக்கு ஆய்வகத்தின் கதவைத் திறந்து வைத்திருந்தது தன்னார்வ அமைப்பு ஒன்றே. இடம் தருவது கழகத்தின் முதற்பணி எனலாம்.

இரண்டாம் பணி சான்று தருவது. 1926இல் தொடங்கப்பட்ட ‘இந்திய இயற்பியல் இதழ்’ இராமனின் கையருகே இருந்தது. பெங்களூர் உரை உடனடியாக அதில் அச்சாகி, அதன் படிகள் வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பப்பட்டன. அவ்விரைவுக்குப் பொருள் இருந்தது. அதே பிப்ரவரி மாதத்தில் மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்னும் இருவர் குவார்ட்சுப் படிகத்தில் இதே நிகழ்வைக் கண்டிருந்தனர். அவர்களின் கட்டுரை வெளிவந்தது ஜூலையில். இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் இலண்டனின் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய சிறு கடிதங்கள் முந்துரிமையை நிலைநாட்டப் பெரிதும் உதவின என்பது உண்மை. ஆயினும் கடிதத்தில் அடங்காத சோதனை விவரத்தையும் விளக்கத்தையும் பிறர் இசைவுக்குக் காத்திராமல் வெளியிடச் சொந்த இதழ் ஒன்று இருந்தது. 1930இல் நோபெல் பரிசு வந்தது.

1933இல் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இராமன் பெங்களூருக்கு வந்தார். இந்தியாவுக்கென ஒரு தேசிய அறிவியல் அகாதெமி வேண்டும் என்ற பேச்சு அப்போது வலுத்திருந்தது. அது எங்கே, எவ்வடிவில், எவர் முன்னின்று அமைப்பது என்பதில் இராமனுக்கும் மேக்நாத் சாஹா உள்ளிட்டோருக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. பேச்சு முடியுமுன் இராமன் விலகிவந்து, 1934 ஏப்ரலில் இந்திய அறிவியல் அகாதெமியைப் பெங்களூரில் ஒரு சங்கமாகப் பதிவுசெய்தார். ஜூலை 31 அன்று 65 நிறுவன உறுப்பினர்களுடன் அது தொடங்கிவைக்கப்பட்டது. மறு அணியினர் 1935இல் கல்கத்தாவில் தொடங்கிய அமைப்பே இன்று தில்லியிலுள்ள இந்திய தேசிய அறிவியல் அகாதெமி. பெங்களூர் அகாதெமிக்கு 1970இல் தாம் மறையும்வரை இராமனே தலைவர். ஒருவரே முப்பத்தாறு ஆண்டு தலைமை வகித்தது அவ்வமைப்பின் வலிமை. அதன் வரம்பும் அதுவே.

அகாதெமியின் ‘நடவடிக்கைகள்’ இதழ் தொடங்கிய அதே ஆண்டிலிருந்து வெளிவந்தது. 1935, 1936 ஆண்டுகளில் அதில் இராமனும் நாகேந்திர நாத்தும் ஐந்து கட்டுரைகளை எழுதினர். மீயொலி அலைகள் பரவும் திரவத்தின் ஊடே ஒளி செல்லும்போது அது பல திசைகளில் பிரிகிறது என்பதை 1932இல் அமெரிக்காவில் டெபை, சியர்ஸ் இருவரும், பிரான்சில் லூக்கா, பிகார் இருவரும் தனித்தனியே கண்டிருந்தனர். ஒலி அலை திரவத்தின் ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் ஏற்றி இறக்குகிறது. அதனைக் கடக்கும் ஒளியின் அலைமுகப்பு மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது. அம்மடிப்புகளே விளிம்பு விளைவுக் கீற்றணி போலச் செயல்படுகின்றன என்பது இராமனும் நாத்தும் தந்த விளக்கம். லேசர்க் கற்றையை ஒலியால் திருப்பும் கருவிகளைப் பயில்வோர் இன்றும் ‘இராமன்–நாத் வரம்பு’ என்ற பெயரைச் சொல்லாமல் பாடத்தை முடிக்க இயலாது. ஓரிரு வயதே ஆன இதழ் ஒன்றில் வெளியான கட்டுரைகள் அவை.

இனி அடுத்த தலைமுறை. இராமனின் உடன்பிறந்தாள் மகன் எஸ். பஞ்சரத்தினம் 1934இல் பிறந்தவர். அகாதெமிக்கும் அவருக்கும் ஒரே வயது. இருபது வயதளவில் இராமன் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, படிகங்களில் ஒளியின் தளவிளைவை ஆராய்ந்தார். 1956இல், தம் இருபத்திரண்டாம் வயதில், ‘குறுக்கீட்டு விளைவின் பொதுமைக் கோட்பாடு’ குறித்த கட்டுரையை அகாதெமியின் இதழில் வெளியிட்டார்.

அக்கட்டுரையின் வினா எளியது. ஒரே தளவிளைவு நிலையிலுள்ள இரு ஒளிக்கற்றைகள் ஒத்த கட்டத்தில் உள்ளனவா என்று சொல்வது கடினமன்று. நிலைகள் வெவ்வேறாக இருந்தால்? இரண்டையும் ஒன்றுசேர்க்கும்போது கிடைக்கும் செறிவு இயன்ற அளவுக்குப் பெருமமாக இருந்தால் அவை ஒத்த கட்டத்தில் உள்ளன என்று கொள்வோம் என்றார் பஞ்சரத்தினம். அடுத்து அவர் கண்டது வியப்புக்குரியது. முதற்கற்றை இரண்டாவதோடு ஒத்த கட்டத்தில் இருக்கலாம், இரண்டாவது மூன்றாவதோடு இருக்கலாம். ஆயினும் முதலாவதும் மூன்றாவதும் ஒத்திருக்க வேண்டியதில்லை. தளவிளைவு நிலைகளைப் புள்ளிகளாகக் குறிக்கும் பாயின்கரே கோளத்தில் அம்மூன்று நிலைகளையும் இணைக்கும் முக்கோணம் மையத்தில் தாங்கும் திண்மக் கோணத்தின் சரிபாதியே அவ்வேறுபாட்டின் அளவு.

மொழியியல் பயின்றோருக்கு இவ்வகை உறவு புதிதன்று. வட்டார வழக்குகளின் தொடர்ச்சியில் ஓர் ஊரார் பேச்சு அடுத்த ஊராருக்குப் புரியும், அவர்கள் பேச்சு அதற்கடுத்த ஊராருக்குப் புரியும். தொடரின் இரு முனையில் இருப்போர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போகலாம். இணை இணையாக நிலவும் ஒத்திசைவு சுற்றிவரும்போது கைவிட்டுப் போகிறது. வழக்குகளில் அவ்விழப்பை அளப்பது கடினம். ஒளியில் அதற்குத் துல்லியமான வடிவியல் உண்டு என்று காட்டியதே பஞ்சரத்தினத்தின் சாதனை.

கட்டுரை அச்சாயிற்று, ஆனால் அதன் ஆழம் ஏறத்தாழ முப்பதாண்டு உணரப்படவில்லை. பஞ்சரத்தினம் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1964இல் ஆக்ஸ்போர்டு சென்றார். 1969இல் அங்கேயே முப்பத்தைந்து வயதில் மறைந்தார். 1984இல் பிரிஸ்டலைச் சேர்ந்த மைக்கேல் பெரி, இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் குவாண்டம் அமைப்புகளின் வடிவியல் கட்டம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டபோது, அதன் ஒளியியல் வடிவம் ஒன்று பெங்களூரில் அச்சாகி 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தொடர்பைக் கண்டு சொன்னவர்கள் பெங்களூர்க்காரர்களே. 1986இல் எஸ். இராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில், பெரியின் கட்டத்திற்குத் தளவிளைவுற்ற ஒளியின் குறுக்கீடு ஒரு முன்னோடி என எழுதினர். மறு ஆண்டு பெரி பஞ்சரத்தினத்தின் கோட்பாட்டைத் தம் மொழியில் விரித்து எழுதினார். 1994இல் அதே ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் அவரைப் பாராட்டித் தனிக்கட்டுரையும் வரைந்தார். இன்று மீப்பரப்பு வில்லைகளிலும் திரவப்படிகக் கீற்றணிகளிலும் பயன்படும் இக்கட்டம் இருவர் பெயராலும் வழங்குகிறது.

முப்பதாண்டு மௌனம் ஏன்? உள்ளூர் இதழில் வெளியிட்டதுதான் காரணம் என்பது பலர் சொல்லும் விடை. அதில் உண்மை உண்டு. சோவியத் அகாதெமியின் அறிக்கைகளில் 1938இல் ரிதோவும் 1941இல் விளாதிமிர்ஸ்கியும் எழுதிய, இதற்கு நெருங்கிய கருத்துடைய கட்டுரைகளும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஆனால் இவ்விடை முழுமையானதன்று. அதே பெங்களூரில், அதே அகாதெமி 1973இல் தொடங்கிய ‘பிரமாணா’ இதழில், 1977இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பஞ்சரத்தினத்தின் அண்ணன் எஸ். சந்திரசேகரும் உடன் பணியாற்றிய இருவரும் வட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப்படிகங்களைக் கண்டறிந்ததை அதில் அறிவித்தனர். உலகம் அதனை உடனே கவனித்தது. புதிய துறை ஒன்று அதிலிருந்து கிளைத்தது.

இரண்டும் ஒரே நகரம், ஒரே அமைப்பு, குடும்பமும் ஒன்றே. வேறுபாடு வாசகர் கூட்டத்தில் இருந்தது. திரவப்படிக ஆய்வாளர்கள் அப்போது ஓர் உலகச் சமூகமாகத் திரண்டிருந்தனர். 1973இலேயே அவர்களின் பன்னாட்டு மாநாடு பெங்களூரில் கூடியது. 1979இல் மீண்டும் கூடியது. சந்திரசேகரின் கட்டுரையைப் படிக்க வேண்டியவர்கள் அவரை முகமறிந்தவர்கள். பின்னாளில் 1990இல் பன்னாட்டுத் திரவப்படிகக் கழகம் உருவானபோது அவரே அதன் முதல் தலைவரானார். 1956இல் பஞ்சரத்தினத்துக்கு அத்தகைய கூட்டம் இல்லை. இந்தியாவில் ஒளியியலுக்கென ஒரு தொழில்முறைக் கழகமே அப்போது இல்லை. இந்திய ஒளியியல் கழகம் கல்கத்தாவில் தோன்றியது 1965இல்; அதன் ‘ஒளியியல் இதழ்’ 1972இல். அமெரிக்க ஒளியியல் கழகமோ 1916இலேயே தொடங்கிவிட்டது.

ஆகவே கழகத்தின் மூன்றாம் பணி, ஒருவர் எழுதியதை மற்றவர் எதிர்பார்த்திருக்கும் நிலையை உருவாக்குவது. அச்சு இயந்திரத்தால் அது நடவாது. ஆண்டுதோறும் கூடுவது, வாதிடுவது, பொதுவான கலைச்சொற்களை வகுப்பது ஆகியவற்றால் நடக்கும். 1922இல் அமெரிக்கக் கழகத்தின் நிறவளவைக் குழு, நிறம் பற்றிய சொற்களையும் அளவைகளையும் வரையறுத்து அறிக்கை வெளியிட்டது. அதன் பின்னரே அத்துறையினர் ஒரே சொல்லால் ஒரே பொருளைச் சுட்டுவது எளிதாயிற்று. தமிழில் இன்றும் ஒரே கருத்து தளவிளைவு என்றும் முனைவாக்கம் என்றும் நூலுக்கு நூல் மாறி வழங்குவதைப் பார்த்தால், அப்பணியின் அருமை விளங்கும்.

நான்காம் பணியும் ஒன்று உண்டு: நினைவு. பஞ்சரத்தினத்தின் கட்டுரைகள் 1975இல் தொகுப்பு நூலாக வெளிவந்தன; அவரை அறிந்த இராமசேஷன் போன்றோர் பெங்களூரில் இருந்தனர். பிறர் மறந்ததை அவர்கள் எடுத்துக்காட்டியிராவிட்டால் இன்று அக்கட்டம் ஒற்றைப் பெயரோடு நின்றிருக்கும். கவனிக்கத்தக்க முரண் ஒன்றும் இங்கே உண்டு. 1988இல் இராமன் ஆய்வு நிறுவனத்தின் ஜோசப் சாமுவேலும் ராஜேந்திர பண்டாரியும் பஞ்சரத்தினத்தின் வரையறையை அடிப்படையாகக் கொண்டு பெரியின் கட்டத்தைப் பொதுமைப்படுத்தியபோது, அதனை வெளியிட்டது அமெரிக்க இயற்பியல் கழகத்தின் இதழில். முப்பதாண்டு மௌனம் கற்பித்த பாடம் அது எனக் கொள்ளலாம். கழகம் என்ற சொல்லின் பழம்பொருள் இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது: எந்த அவையில் காயை உருட்டுவது?

எங்கே வெளியிடுவது என்ற வினாவை ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் எதிர்கொள்கிறோம். மேற்கோள் எண்ணிக்கையும் தரவரிசையும் அதற்கு ஆயத்த விடை தருகின்றன. பெங்களூரின் வரலாறு அதனோடு மற்றொரு வினாவையும் சேர்க்கச் சொல்கிறது: நம் துறையில் நம் அருகிலிருப்போர் எழுதுவதை நாம் படிக்கிறோமா? துறைக் கழகங்களின் உறுப்பினர் கட்டணத்தையும் ஆண்டு மாநாட்டையும் தன்விவரக் குறிப்பில் ஏறும் ஒரு வரியாகவே கருதும் வழக்கம் பெருகிவிட்டது. அவற்றின் உண்மையான பயன், அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதினரின் கட்டுரையை முப்பதாண்டு கழியுமுன் அறிந்துகொள்வதே.

அகாதெமியின் பழைய தொகுதிகள் அனைத்தும் இன்று அதன் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பஞ்சரத்தினத்தின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரை பதினாறே பக்கம். இயற்பியல் மாணவர்கள் இவ்வாரம் அதனைப் படிக்கலாம். பிற துறையினர் தத்தம் துறையின் பழைய இந்திய இதழ் ஒன்றில் ஒரு தொகுதியைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே படிக்கப்படாமல் எது காத்திருக்கிறது என்பதைத் திறந்து பார்ப்பவரே அறிவார்.