உரோமப் படையிற் புதுவீரன்

உரோமரின் போர்களைக் கூறும் நூல்கள் பல. அப்போர்களைச் செய்த சாதாரண வீரன் படையிற் சேர்ந்த முதற் சில மாதங்களை எவ்வாறு கழித்தான் என்பதைக் கூறுவன மிகச் சில. அவற்றுள் முதன்மையானது, கி. பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலோ ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிலோ வெஜீற்றியசு என்பார் இலத்தீனில் இயற்றிய போர்க்கலை நூலாகும். அதன் முதற் புத்தகம் புதுவீரரைத் தெரிதலையும் பயிற்றுதலையும் பற்றியது.

வெயிலுக்கும் உழைப்புக்கும் பழகிய நாட்டுப்புறத்தானே படைக்கு ஏற்றவன் என்பது அவர் துணிபு. கொல்லர், தச்சர், வேட்டுவர் ஆகியோரை ஏற்கும் அவர், நெசவாளரையும் பலகாரஞ் செய்வோரையும் மீன்பிடிப்போரையும் விலக்குகின்றார். கடலோடு போராடுபவன் போருக்கு ஆகாதவனானது எங்ஙனமோ!

தெரிந்தெடுக்கப்பட்டவன் முதலிற் கற்பது நடை. கோடைகாலத்து ஐந்து மணி நேரத்துள் 20 உரோம மைல், அஃதாவது ஏறக்குறைய 30 கிலோமீற்றர், அணி குலையாது நடத்தல் வேண்டும். 60 இறாத்தல் வரை சுமை தூக்கி நடக்கவும் அவன் பழக்கப்பட்டான். இக்கால அளவில் அது ஏறக்குறைய 20 கிலோகிராம். கோடையில் நீச்சலும் உண்டு. காலையும் மாலையும், நிலத்தில் நாட்டிய ஆறடிக் கம்பமொன்றைப் பகைவனாகக் கொண்டு பொருதான். கையிலிருந்த மரவாளும் பிரம்புக் கேடகமும் உண்மையானவற்றிலும் இருமடங்கு பாரமுடையன. வெட்டாதே, குத்து என்பதே பாடம். வெட்டு எலும்பிலும் கவசத்திலும் தடைப்படும். இரண்டு அங்குலம் ஆழ்ந்த குத்தோ உயிரைப் போக்கும். மேலும், வெட்டக் கை ஓங்குபவனது வலப்பக்கம் காவலின்றித் திறந்துவிடும். பயிற்சியிற் பின்தங்கியவனுக்குக் கோதுமைக்குப் பதிலாக வாற்கோதுமையே அளக்கப்பட்டது. அதிகாரிகள் முன்னிலையில் தன் தேர்ச்சியைக் காட்டும்வரை அவனுக்கு அதுவே உணவு.

எனினும் வெஜீற்றியசின் கூற்றை அப்படியே கொள்ளுதல் தகாது. பண்டை நூல்களிலிருந்து திரட்டி, வழக்கொழிந்த பயிற்சியை மீட்பிக்க வேண்டி எழுதியவர் அவர். அவர் காட்டுவது இருக்க வேண்டிய படை. இருந்த படையைத் தசிற்றசு காட்டுகின்றார். கி. பி. 14இல் பன்னோனியாவிற் கலகஞ் செய்த வீரர், நூற்றுவர் தலைவன் ஒருவனைக் கொன்றனர். அவனுக்கு அவர்கள் இட்டிருந்த பட்டப்பெயர் ‘இன்னொன்று கொண்டுவா’ என்பது. வீரன் முதுகில் அடித்துத் தடி முறிந்ததும் அவன் அவ்வாறு கூவுவானாம்.

எகிப்தின் மணலிற் கிடைத்த பப்பிரசுத் தாள்கள் இன்னும் அண்மையில் நம்மை இட்டுச் செல்கின்றன. கி. பி. 103இல் எழுந்த ஆணையொன்று, 20 முதல் 25 வரை வயதுடைய புதுவீரர் அறுவரைப் படைப்பிரிவொன்றிற் சேர்க்கின்றது. ஒருவனுக்கு இடப்புருவத்தில் வடு, ஒருவனுக்கு இடக்கையில், ஒருவனுக்கு நெற்றியின் வலப்புறத்தில். ஏனை மூவருக்கும் அடையாளம் இல்லை. பெயர், வயது, வடு: அரசு அவர்களைப் பற்றி அதிற் குறித்தவை இவ்வளவே.

அதே நூற்றாண்டிற் கடற்படையிற் சேர்ந்த அப்பியோன் என்னும் எகிப்திய இளைஞன், இத்தாலியின் மிசேனம் துறையிலிருந்து தந்தைக்குக் கிரேக்க மொழியிற் கடிதம் எழுதினான். கடலில் நேர்ந்த ஆபத்தினின்றும் செராப்பிசுக் கடவுள் காத்தமையையும், வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு பெற்றமையையும் கூறுகின்றான். தனக்கு நல்ல கல்வி அளித்தமைக்காகத் தந்தையைப் போற்றி, அதனால் விரைவில் உயர்வடையலாம் என நம்புகின்றான். தன் உருவப்படத்தையும் அனுப்புகின்றான். நடையும் கம்பமும் தடியும் அக்கடிதத்தில் இல்லை. தந்தைக்கு அவற்றை எழுதும் மகன் எக்காலத்தும் அரியனே. இறுதியில், தன் பெயர் இப்பொழுது அந்தோனியசு மக்சிமசு என அறிவிக்கின்றான்.

பல ஆண்டுகளின் பின் அவன் தன் சகோதரி சபீனாவுக்கு எழுதிய கடிதமும் கிடைத்துள்ளது. அதில் அவன் அந்தோனியசு மக்சிமசு என்றே தன்னைக் குறிக்கின்றான். மகனுக்கும் மக்சிமசு என்றே பெயரிட்டிருந்தான்.