நிறுத்தும் உரிமை யாருக்கு?

ஒரே நிரலுக்குள் பல வேலைகளை ஒருசேர நடத்தும் கலையில் தொடங்குவதற்கான வழி சீக்கிரமே கிடைத்துவிட்டது. 1963இல் மெல்வின் கான்வே முன்வைத்த ஃபோர்க், ஜாயின் என்ற இரு கட்டளைகளில் முதலாவது வேலையைக் கிளை பிரித்தது. இரண்டாவது கிளைகள் முடியும்வரை காத்திருந்து அவற்றை ஒன்றுசேர்த்தது. பாதி வேலையில் இருக்கும் கிளையை வெளியிலிருந்து நிறுத்துவது எப்படி என்ற கேள்வி தீர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கடைசியில் கிடைத்த விடை கட்டளையிட விரும்புகிறவர்களுக்கு உவப்பானதாக இல்லை. இழைகள் எனப்படும், நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஓடும் கிளைகளில் ஒன்றை மற்றொன்று பலவந்தமாக நிறுத்தினால் சேதம் வராது என்று சொல்ல முடியாது. நிற்கும்படி கேட்கலாம், நிற்பதை அந்த இழையேதான் செய்தாக வேண்டும். இது நிரலர்களின் நாகரிகத்தால் வந்த முடிவென்று நான் நினைக்கவில்லை. பலவந்தத்தை முயன்று பார்த்துச் சூடுபட்ட பிறகு வந்த முடிவு.

சிக்கலின் வித்து 1965இலேயே விழுந்துவிட்டது. பல கணினிகள் ஒரே தரவைத் தொடும்போது ஒரு சமயத்தில் ஒன்று மட்டுமே உள்ளே நுழைய வேண்டும் என்ற பிரச்சினைக்கு அந்த ஆண்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரு தீர்வு வெளியிட்டார். அதில் அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, அந்தக் காப்புப் பகுதிக்கு வெளியே ஒரு கணினி நின்றுபோனால் மற்றவை தடைபடக் கூடாது என்பது. உள்ளே இருக்கும்போதே நின்றுபோனால்? நிபந்தனை அதைத் தொடவில்லை, தொடவும் முடியாது. ஒரு கணக்கிலிருந்து பணத்தைக் கழித்துவிட்டு மறு கணக்கில் சேர்ப்பதற்குள் ஓர் இழை கொல்லப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவை நுழையாதபடி அது போட்டிருந்த பூட்டு அப்படியே இருந்தால் மற்ற இழைகள் என்றென்றும் காத்துக் கிடக்கும். பூட்டைத் திறந்துவிட்டாலோ கழித்தும் சேர்க்காத அந்தக் கணக்கை எல்லோரும் சரியென்று நம்பிப் படிப்பார்கள். மூன்றாவது வழி இல்லை.

இந்த இரண்டு கேடுகளையும் ஒரே மொழி அனுபவித்துப் பார்த்தது. 1996இல் வெளிவந்த ஜாவாவில் இழையைக் கொல்ல ஸ்டாப், உறையவைக்க சஸ்பெண்ட் என்ற இரு வசதிகள் இருந்தன. ஸ்டாப் எல்லாப் பூட்டுகளையும் திறந்துவிட்டு இழையைச் சாகடித்தது. சிதைந்த தரவு சத்தமின்றி வெளியே வந்தது. சஸ்பெண்ட் பூட்டுகளைப் பிடித்தபடியே இழையை உறையவைத்தது. நிரல் முழுவதும் முட்டி நின்றது. 1998 டிசம்பரில் ஜாவா 1.2 வந்தபோது இரண்டும் பயன்படுத்தத் தகாதவை என அறிவிக்கப்பட்டன. ஆனாலும் ஸ்டாப்பின் உயிர் கெட்டி. அழைத்தால் பிழை எறிவதைத் தவிர வேறொன்றும் செய்யாத நிலைக்கு அது வந்தது 2023இல், ஜாவா 20இல்தான். 1995இல் உருவான பாசிக்ஸ் இழைத் தரநிலை இதைவிட எச்சரிக்கையானது. அதில் ரத்து என்பது ஒரு கோரிக்கை. குறித்த சில இடங்களை இழை அடையும்போதுதான் இயல்பாக அது நிறைவேறும். எந்தக் கணத்திலும் வெட்டலாம் என்ற முறையும் ஏட்டில் உண்டு. அந்த முறையில் பாதுகாப்பாக அழைக்கலாம் என்று தரநிலை உறுதியளிக்கும் செயற்கூறுகள் மூன்றே மூன்று. மூன்றும் ரத்து செய்யும் ஏற்பாட்டைச் சேர்ந்தவையே!

யூனிக்ஸில் 9ஆம் எண் சிக்னலை அனுப்பி எதையும் கொல்கிறோமே, அது பல பத்தாண்டுகளாக நன்றாகத்தானே நடக்கிறது என்று கேட்கலாம். அங்கே கொல்லப்படுவது தனக்கென்று தனி நினைவகம் கொண்ட ஒரு முழுச் செயல்முறை. அது செத்ததும் அதன் நினைவகத்தையும் திறந்திருந்த கோப்புகளையும் இயங்குதளம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வட்டில் பாதி எழுதிய கோப்பை அதனாலும் சரிசெய்ய முடியாது. அதனால்தான் எண் எதுவும் குறிப்பிடாமல் கில் கட்டளையைக் கொடுத்தால் போவது 15ஆம் சிக்னல், அதாவது ஒரு வேண்டுகோள். நிரல்களைக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கர் கருவி இன்றும் அந்த வழக்கப்படியே முதலில் கேட்டுவிட்டு, வேறு ஏற்பாடு இல்லையென்றால் 10 விநாடி பொறுத்து, பிறகே கொல்கிறது. எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் 1986 முதல் வளர்த்த எர்லாங் மொழியில் எந்தச் செயல்முறையையும் எவரும் கொல்லலாம் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஆனால் எர்லாங்கின் செயல்முறைகள் நினைவகத்தைப் பகிர்வதே இல்லை. செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்கின்றன. ஜாவா ஸ்டாப்பைக் கைகழுவிய அதே 1998 டிசம்பரில் எர்லாங் திறந்த மூலமாக வெளியானது தற்செயல்தான். பகிர்வை விலக்கியவர்கள் கொல்லும் உரிமையைத் தக்கவைத்தார்கள், பகிர்ந்தவர்கள் இழந்தார்கள் என்பது தற்செயல் இல்லை.

கேட்டும் நிற்காத வேலையை என்ன செய்வது? இந்த ஆட்சேபத்துக்கு முழு விடை கிடையாது. 2004இல் ஜாவா 5 கொண்டுவந்த பணியாளர் குழு வசதியில் உடனே நிறுத்து என்று பெயரிட்ட கட்டளைகூட இழைகளுக்கு இடையீட்டுக் குறிப்பு ஒன்றை அனுப்புகிறதே தவிர, அவை நிற்கும் என்று உத்தரவாதம் தருவதில்லை. கோ மொழியில் ஒரு கோரூட்டினை வெளியிலிருந்து கொல்ல வழியே வைக்கப்படவில்லை. 2016இல் அதன் அடிப்படை நூலகத்தில் சேர்ந்த கான்டெக்ஸ்ட், நிறுத்தச் சொல்லும் செய்தியைக் கீழே உள்ள எல்லா வேலைகளுக்கும் கடத்தும். அதைப் பார்ப்பது அந்தந்த வேலையின் பொறுப்பு. பார்க்க மறந்த வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். இது நிரலர் தலையில் ஏற்றிய கூடுதல் சுமை என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிற்காத வேலை கண்ணில் படும், சிதைந்த தரவு படாது. பலவந்தம் கட்டாயம் தேவையென்றால் அந்த வேலையைத் தனிச் செயல்முறைக்கு மாற்றுவதே நேர்மையான வழி. 2008இல் கூகுள் குரோம் வலைப்பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தபோது, முரண்டுபிடிக்கும் ஒன்றை மட்டும் கொல்லும் வசதி அதனால்தான் கிடைத்தது. விண்டோஸில் ஓர் இழையை நேரடியாகக் கொல்லும் டெர்மினேட்த்ரெட் இன்றும் இருக்கிறது. வேறு வழியே இல்லாத நிலையில் மட்டும் அதைத் தொடுமாறு மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே எச்சரிக்கிறது.