கலிபோர்னியாவின் நாட்டுத் தாவரச் சங்கம்: கூடிப் பார்த்தவர்களின் வரலாறு

நாட்டு மாடு, நாட்டு விதை, நாட்டு மரம் என்று தமிழில் வழங்கும் சொற்களில் ‘நாட்டு’ என்னும் அடைமொழி எதைக் குறிக்கிறதோ, ஏறக்குறைய அதையே அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலமான கலிபோர்னியாவில் தாவரங்களுக்கு முன்னால் வரும் ‘நேட்டிவ்’ என்ற சொல் குறிக்கிறது. ஆனால் அங்கே அச்சொல்லுக்கு ஒரு காலக்கோடும் உண்டு. 1769இல் சான் டியாகோவில் ஸ்பானியர் தம் முதல் மிஷனை நிறுவிக் குடியேறத் தொடங்குவதற்கு முன்பே அம்மண்ணில் தாமாக வளர்ந்துவந்தவை நாட்டுத் தாவரங்கள் என்றும், அதன்பின் கப்பல் வழியாகவும் கால்நடைத் தீவனத்தோடும் தோட்டக்காரர்களின் விருப்பத்தாலும் வந்து சேர்ந்தவை அயல் தாவரங்கள் என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்து கோடை முழுவதும் வறண்டு கிடக்கும் பருவநிலை, கடலோரத்திலிருந்து சிறிது தொலைவிலேயே உயர்ந்தெழும் மலைகள், அடிக்கடி மாறும் மண்வகை ஆகிய மூன்றும் சேர்ந்து, அங்குள்ள நாட்டுத் தாவரங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஓரிடவாழ் தாவரங்களாக, அதாவது உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணக்கிடைக்காத தாவரங்களாக, ஆக்கியிருக்கின்றன. இத்தகைய செல்வத்தைப் பற்றிய அறிவு பல்கலைக்கழகச் சுவர்களைத் தாண்டி, மாதந்தோறும் கூடிப் பேசிய சாதாரண மக்களின் கைக்கு வந்ததும், அங்கிருந்து ஒரு பட்டியலாகவும் பின்னர் சட்டத்தின் துணையாகவும் மாறியதும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தவை.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1891இலேயே சான் பிரான்சிஸ்கோவில் கேத்தரின் பிராண்டகீ என்ற தாவரவியலாளர் கலிபோர்னியத் தாவரவியல் மன்றத்தைத் தொடங்கினார். பட்டம் பெறாத ஆர்வலர்களும் வந்து செடிகளைப் பற்றிக் கற்றுக்கொள்ளும் இடமாக அது இருந்தது. அம்மன்றத்தோடு நெடுங்காலம் இணைந்திருந்த ஆலிஸ் ஈஸ்ட்வுட், கலிபோர்னிய அறிவியல் கழகத்தின் உலர்தாவரத் தொகுப்புக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்துபோன மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றி மேலேறி, நெருப்பு வந்து சேர்வதற்குள் 1,497 மாதிரிகளை இறக்கிக் காப்பாற்றினார். அவற்றுள் பெரும்பாலானவை மூல மாதிரிகள்; ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்டும்போது சான்றாக வைக்கப்படும் உலர்ந்த செடியே மூல மாதிரி என்பதால், அது அழிந்தால் பெயரின் ஆதாரமே அழிந்தது போலாகும். 1913இல் வில்லிஸ் ஜெப்சன் நிறுவிய கலிபோர்னியத் தாவரவியல் சங்கமோ அறிஞர்களுக்கானது. ஆய்வேடுகளை வெளியிடுவது அதன் முதன்மைப் பணியாக இருந்தது. நாட்டின் மறுகோடியில், பாஸ்டன் நகரில், 1900இல் நாட்டுத் தாவரங்களைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் அங்கே அஞ்சப்பட்டது, காட்டுப் பூக்களை விற்பனைக்காக வேரோடு பிடுங்கும் மனிதக் கை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கலிபோர்னியாவில் அஞ்ச வேண்டியிருந்தது புல்டோசரை.

பெர்க்லி நகரை ஒட்டிய குன்றுகளில் டில்டன் பூங்காவுக்குள் 1940ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் ஒரு தாவரவியல் தோட்டம் தொடங்கப்பட்டது. அதன் இயக்குநர் ஜேம்ஸ் ரூஃப், உலகெங்குமிருந்து அழகுச் செடிகளைக் கொண்டுவந்து நிரப்பும் வழக்கமான தோட்டக்கலையை ஒதுக்கிவிட்டு, கலிபோர்னியாவின் செடிகளை மட்டுமே, அவை வளரும் நிலப்பகுதிகளின்படி பிரித்து, ஒரு சரிவில் பாலைநிலச் செடிகளும் மற்றொன்றில் ரெட்வுட் காட்டுச் செடிகளுமாக நட்டார். சுமார் பத்து ஏக்கர் பரப்பில் ஒரு மாநிலத்தையே சுருக்கிக் காட்ட முயன்ற அந்தத் தோட்டத்தை, 1960களின் தொடக்கத்தில், அதை நிர்வகித்த வட்டாரப் பூங்கா அமைப்பு வேறொரு பூங்காவுக்கு மாற்றத் திட்டமிட்டது. இருபது ஆண்டுகளாக வேரூன்றிய மரங்களையும் புதர்களையும் பெயர்த்து வேறிடத்தில் வைத்துவிடலாம் என்று எண்ணுவது, செடியைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கே இயலும். தோட்டத்தின் நண்பர்கள் என்ற பெயரில் குடிமக்கள் சிலர் ஒன்றுகூடிக் கடிதம் எழுதினர், கூட்டங்களுக்குச் சென்று வாதாடினர், இறுதியில் வென்றனர். வென்றபின் அவர்கள் கலைந்திருக்கலாம். மாறாக, காத்த தோட்டத்தின் வேலிக்கு வெளியே அதே செடிகளுக்கு யாருமே இல்லை என்பதை உணர்ந்து, 1965இல் கலிபோர்னிய நாட்டுத் தாவரச் சங்கத்தை நிறுவினர். அதே ஆண்டில்தான் அந்த மாநிலம் சர்ப்பெண்டின் என்ற பாறையைத் தன் மாநிலப் பாறையாக அறிவித்தது என்பது தற்செயலான பொருத்தம். பாம்புத்தோல் போலப் பச்சையாக மினுங்கும் அப்பாறை சிதைந்து உண்டாகும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைவாகவும் மக்னீசியமும் நிக்கலும் மிகுதியாகவும் இருப்பதால் பெரும்பாலான செடிகள் அதில் பிழைப்பதில்லை. பிழைக்கப் பழகிக்கொண்ட அரிய செடிகளோ வேறு மண்ணை நாடுவதில்லை. சங்கம் பின்னாளில் காக்கப் போராடிய செடிகளில் பல அந்தப் பச்சைமண்ணின் பிள்ளைகள்.

தொடக்கக்கால உறுப்பினர்களில் தொழில்முறைத் தாவரவியலாளர்கள் சிலரே இருந்தனர். வேதியியல் பேராசிரியரான லியோ புரூவர் போன்று, வேறு துறையில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் நாட்டுச் செடி வளர்த்தவர்களே சங்கத்தின் முதுகெலும்பு. மதிப்புறு தலைவராகக் கொண்டாடப்பட்ட லெஸ்டர் ரவுண்ட்ரீ 1879இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியபின் தனியாகக் காரில் மலைகளுக்கும் பாலைகளுக்கும் சென்று, மாதக்கணக்கில் திறந்தவெளியில் தங்கி விதை சேகரித்தவர். 1936இலும் 1939இலும் அவர் எழுதிய இரண்டு நூல்கள் நாட்டுச் செடிகளை வளர்க்க விரும்பியோருக்கு வழிகாட்டிகளாக இருந்தன. மறுபுறம், 1950இல் வெளிவந்த தாவரங்களின் பரிணாமம் பற்றிய நூலால் உலகப் புகழ்பெற்றிருந்த லெட்யார்ட் ஸ்டெபின்ஸ் சங்கத்தின் தொடக்க ஆண்டுகளில் தலைவராக இருந்து, களப்பயணங்களைத் தாமே வழிநடத்தினார். இவ்விருவகை மனிதரும் ஒரே அறையில் அமர்ந்ததே சங்கத்தின் தனித்தன்மை.

கிளைகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. இன்று அவை முப்பத்தைந்துக்கு மேல். நூலகத்திலோ தேவாலயக் கூடத்திலோ மாதம் ஒருமுறை மாலையில் நடைபெறும் கிளைக்கூட்டத்தில் உரை ஒன்று இருக்கும். அந்நாளில் ஸ்லைடு படங்களை வெண்திரையில் காட்டிப் பேசுவது வழக்கம். வார இறுதிகளில் களநடை உண்டு. களநடையில் புதிதாக வந்தவர் முதலில் கற்றுக்கொள்வது கைலென்ஸைப் பிடிக்கும் முறையாகும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அந்தச் சிறு லென்ஸைப் பூவருகே நீட்டிக் குனிந்து பார்ப்பது தவறு. கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பூவை லென்ஸ் வரை கொண்டுவந்தால்தான் மகரந்தப் பையின் வெடிப்பும் இலை விளிம்பின் சுரப்பிமயிரும் திடீரெனத் தெளிவாகும். அடுத்தது திறவுகோலைப் படிப்பது. செடியை அடையாளம் காண உதவும் நூல்களில் உள்ள திறவுகோல் என்பது, இலை எதிரெதிராக அமைந்திருக்கிறதா மாறிமாறி அமைந்திருக்கிறதா, சூலகம் இதழ்களுக்கு மேலா கீழா என்று இரண்டிரண்டாகக் கேள்வி கேட்டு, ஒவ்வொரு விடையிலும் பொருந்தாத செடிகளைக் கழித்துக்கொண்டே சென்று ஒரு பெயரில் கொண்டு நிறுத்தும் முறை. 1959இல் வெளிவந்த ஃபிலிப் மன்ஸின் கலிபோர்னியத் தாவர நூல் 1,600 பக்கங்களைத் தாண்டியது. அத்தகைய நூலைத் தனியே புரட்டுபவர் மூன்றாவது கேள்வியிலேயே வழி தவறலாம். பத்துப் பேர் ஒரு செடியைச் சுற்றி மண்டியிட்டு, ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் மறுத்துரைக்க, மீண்டும் படிக்க என்று போகும்போது, தவறு அங்கேயே திருத்தப்பட்டுவிடும். கூட்டம் என்பது இங்கே பொழுதுபோக்காக மட்டும் நில்லாமல் அறிவைச் சரிபார்க்கும் கருவியாகவும் இருந்தது என்பதை, சங்கங்களின் வரலாற்றை எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை.

சங்கத்தின் ஆண்டுச் சுழற்சியும் அம்மண்ணின் பருவத்தையே பின்பற்றியது. வசந்தத்தில் காட்டுப்பூக் கண்காட்சி. மழை தொடங்கும் முன் இலையுதிர் காலத்தில் செடி விற்பனை. ஐப்பசி மழையைப் பார்த்து மரக்கன்று நடும் தமிழக வழக்கம் அறிந்தவர்க்கு இதன் பொருத்தம் எளிதில் விளங்கும்: வறண்ட கோடைக்கு முன் நட்ட செடிக்கு நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மழைக்கு முன் நட்டதோ வேரைத் தானே இறக்கிக்கொள்ளும். களைபிடுங்கும் நாட்களும் இச்சுழற்சியில் சேர்ந்தன. உறுப்பினர்கள் மலைச்சரிவுகளில் பிடுங்கிய ஸ்காட்ச் புரூம், கார்ஸ் ஆகிய மஞ்சள்பூப் புதர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை; நீலகிரியின் புல்வெளிகளை இன்று நெருக்கிக்கொண்டிருப்பவற்றுள் அதே இரண்டு புதர்களும் உண்டு.

கூடிப் பார்க்கும் இப்பழக்கம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு 1971ஆம் ஆண்டு ஒரு சான்று தருகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில், டிபரான் தீபகற்பத்தின் ரிங் மலையில், மருத்துவரும் தாவர ஆர்வலருமான ராபர்ட் வெஸ்ட் ஒரு மாரிபோசா அல்லியைக் கண்டார். இளம்பச்சை கலந்த மஞ்சளில் இலவங்கப்பட்டை நிறக் கீற்றுகளும் இதழோரத்தில் மெல்லிய மயிரும் கொண்ட அப்பூ எந்த நூலிலும் இல்லை. 1973இல் அது கலோகார்டஸ் டிபரானென்சிஸ் என்ற புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. சர்ப்பெண்டின் பாறை நிறைந்த அந்த ஒரு மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தாவரவியலாளர்கள் நடமாடிய விரிகுடாக் கரையில், பல்கலைக்கழகம் காணாத ஒன்றை ஓர் ஆர்வலரின் கண் கண்டது. வீடுகள் கட்டப்படவிருந்த அம்மலை பின்னர் காப்பிடமாக்கப்பட்டது.

ஸ்டெபின்ஸ் 1968 வாக்கில் அரிய தாவரங்களுக்கென ஓர் அட்டைக் கோப்பைத் தொடங்கினார்: செடி ஒன்றுக்கு அட்டை ஒன்று, அதில் அது எங்கே, எப்போது, யாரால் காணப்பட்டது என்ற குறிப்பு. கிளை உறுப்பினர்கள் களநடைகளில் கண்டவை இத்தகைய பதிவுகளுக்கு ஊட்டம் தந்தன. 1974இல் அது அரிய, அழிவுநிலைத் தாவரங்களின் பட்டியலாக முதல் பதிப்புக் கண்டது. முந்தைய ஆண்டில் நிறைவேறியிருந்த அமெரிக்க நடுவண் அரசின் அழிவுநிலை உயிரினச் சட்டம் தாவரங்களையும் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆனால் எந்தத் தாவரம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற செய்தி இல்லாமல் சட்டத்தால் எதையும் காக்க முடியாது. பின்வந்த பதிப்புகளில் இப்பட்டியல் வகைபிரிக்கப்பட்டது: அழிந்துவிட்டதாகக் கருதப்படுபவை, எங்குமே அரியவை, கலிபோர்னியாவில் அரியவை ஆனால் வெளியே மிகுதியாக உள்ளவை, செய்தி போதாதவை, கண்காணிக்க வேண்டியவை. கட்டுமானத் திட்டங்களின் சுற்றுச்சூழல் விளைவை ஆராயும் அலுவலர்கள் ஒரு தன்னார்வச் சங்கம் தொகுத்த இப்பட்டியலைப் புரட்டிப் பார்ப்பது நாளடைவில் நிர்வாக வழக்கமாகவே ஆயிற்று. 1977இல் மாநிலச் சட்டமன்றம் நாட்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் வலுவற்றது என்று சொல்வதே நேர்மை: தன் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற விரும்பும் உரிமையாளர், அரிய செடி அங்கிருப்பது தெரிவிக்கப்பட்டிருந்தால், பத்து நாள் முன்னறிவிப்புத் தந்து அதைப் பெயர்த்தெடுக்க வாய்ப்பளித்தால் பெரும்பாலும் போதும் என்றிருந்தது. ஆனாலும் ஒரு செடிக்குச் சட்டத்தின் முன் பெயர் கிடைத்துவிட்டது.

இவ்வரலாற்றில் ஒரு குறையையும் பதிவு செய்தாக வேண்டும். 1769க்கு முந்தைய நிலத்தை மனிதக் கை படாத காடாகவே தொடக்ககாலத் தாவர ஆர்வலர்கள் பலரும் கற்பனை செய்தனர். கூடைமுடையப் பயன்படும் கோரையின் வேர்த்தண்டுகளைத் தோண்டித் தளர்த்தியும், புல்வெளிகளைப் பருவமறிந்து எரித்தும், விதைகளைத் தூவியும் அந்நிலத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பேணிவந்த பழங்குடி மக்களின் பங்கு, 2005இல் கேட் ஆண்டர்சன் வெளியிட்ட விரிவான ஆய்வுநூலுக்குப் பிறகே பரவலாக ஏற்கப்பட்டது. ‘நாட்டுச் செடி’ என்பதன் அருமையை அறிந்தவர்கள், அதை அருமையாக வைத்திருந்தவர்களை மறந்திருந்தனர்.

தோட்டம், பதிவு, சங்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் விதத்தை ஒரே புதரின் வரலாற்றில் காணலாம். சான் பிரான்சிஸ்கோ நகருக்கே உரிய ஃபிரான்சிஸ்கன் மான்சனிடா, ஆலிஸ் ஈஸ்ட்வுட் 1905இல் பெயரிட்ட புதர். தரையோடு படர்ந்து, செம்பழுப்புத் தண்டும் கவிழ்த்த சிறு சாடி போன்ற பூக்களும், ஸ்பானிய மொழியில் ‘குட்டி ஆப்பிள்’ என்ற பெயருக்குக் காரணமான உருண்டைக் காய்களும் கொண்டது. நகரம் வளர வளர அது கடைசியாக எஞ்சிய இடம் லாரல் ஹில் கல்லறைத் தோட்டம். 1940களில் அக்கல்லறைகளும் அகற்றப்பட்டு நிலம் சமன்செய்யப்படுவதற்குள், ஜேம்ஸ் ரூஃபும் வேறு சிலரும் அங்கிருந்து செடிகளைப் பெயர்த்தெடுத்துத் தோட்டங்களில் நட்டனர். டில்டன் தோட்டமும் அவற்றுள் ஒன்று. 1960களில் அத்தோட்டத்தை இடம் மாற்றியிருந்தால் எவை போயிருக்கும் என்பதற்கு இதுவே விடை. இயற்கையிலிருந்து அப்புதர் மறைந்துவிட்டதாகவே அறுபது ஆண்டுகள் நம்பப்பட்டது. 2009 அக்டோபரில், தங்கவாயில் பாலத்துக்குச் செல்லும் சாலையைப் புதுப்பிக்கும் பணியில் மறைத்திருந்த மரங்கள் வெட்டப்பட்டபோது, அவ்வழியே காரில் சென்ற தாவரவியலாளர் ஒருவர், வாகனங்கள் விரையும் இரு பாதைகளுக்கு நடுவே இருந்த மண்திட்டில் ஒரு படர்புதரை ஓடும் காரிலிருந்தே மான்சனிடா என்று அடையாளம் கண்டார். 2010 ஜனவரியில் பல டன் எடையுள்ள வேர்மண்ணோடு அது தூக்கப்பட்டு, அருகிலுள்ள பிரசிடியோ பூங்காவில், இருப்பிடம் வெளியே சொல்லப்படாமல் நடப்பட்டது. 2012இல் நடுவண் அரசின் அழிவுநிலைப் பட்டியலில் சேர்ந்தது. தனித்து நின்ற அப்புதருக்கு உறவாக, லாரல் ஹில்லிலிருந்து வந்து தோட்டங்களில் காக்கப்பட்ட செடிகளின் வழித்தோன்றல்களையும் அதே மண்ணில் சேர்த்து வளர்ப்பது மீட்புப் பணியின் பகுதியாயிற்று.