டார்கெட் அடிச்சா ஹம்பர்: பணமில்லா வெகுமதி சம்பளத்துக்கு மேலயா, சம்பளத்துக்குப் பதிலா?

"இந்த மாசம் டார்கெட் அடிச்சா லங்காவி ட்ரிப்." "முதல் மூணு பேருக்கு ஏர் ஃப்ரையர்." விற்பனை வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி வாட்ஸ்அப் அறிவிப்புகள் புதிதல்ல. கைப்பேசிக் கடை, மோட்டார் சைக்கிள் கடை, கார் ஷோரூம், காப்புறுதி, நேரடி விற்பனை என்று எல்லா இடத்திலும் இது நடக்கிறது.

கோலா சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டினார்கள், செம்பனை அறுத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு முதல் வேலையே விற்பனைதான். பரிசு கிடைப்பது சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பரிசு சம்பளத்துக்கு மேலே வருகிறதா, சம்பளத்துக்குப் பதிலாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பணமில்லா வெகுமதி என்றால் என்ன?

வேலைக்காகக் கிடைக்கும், ஆனால் ரொக்கமாக வராத எதுவும் இதில் அடங்கும். ஹம்பர், மின்சாதனம், சுற்றுலா, பற்றுச்சீட்டு, கூடுதல் விடுமுறை, பயிற்சி வகுப்பு, கேடயம், எல்லார் முன்னாலும் ஒரு பாராட்டு. கமிஷன் இதில் சேராது. கமிஷன் ரொக்கம். சட்டப்படி அது சம்பளத்தின் ஒரு பகுதி.

நிறுவனங்கள் ஏன் காசைக் கொடுக்காமல் பொருளைக் கொடுக்கின்றன?

ரொக்கம் வங்கிக் கணக்குக்குள் போனதும் கார் தவணை, மின்கட்டணம் என்று கரைந்துவிடும். பொருளோ பயணமோ மனத்தில் தங்கும், வீட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் வந்தது. ஜெர்மனியில் ஒரு நூலகத்தில் புத்தகங்களைப் பதிவு செய்ய மாணவர்களைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் பேசிய சம்பளம் மட்டும். இன்னொரு குழுவுக்கு அதற்கு மேல் 7 யூரோ ரொக்கம். மூன்றாவது குழுவுக்கு அதே மதிப்புள்ள ஒரு தெர்மோஸ் பாட்டில், பரிசுத்தாள் சுற்றி.

ரொக்கம் வாங்கியவர்களின் வேலை வேகத்தில் பெரிய மாற்றமில்லை. பாட்டில் வாங்கியவர்கள் ஏறக்குறைய 25 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் "காசு வேணுமா, பாட்டில் வேணுமா" என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலோர் காசையே தேர்ந்தெடுத்தார்கள். அதே பணத்தைச் சட்டை வடிவில் மடித்துக் கொடுத்தபோதும் வேலை கூடியது. ஆக, பொருளைவிட "எனக்காக யோசிச்சுச் செய்திருக்காங்க" என்ற எண்ணம்தான் வேலை செய்தது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்த மாணவர்களுக்குச் சொன்ன சம்பளம் முழுசா கிடைத்தது. பாட்டில் அதற்கு மேல் வந்தது.

தோட்டத்துக்கு இது பழைய கதை

பணமாக இல்லாத ஊதியத்தை நம் தோட்டங்கள் ரொம்ப காலத்துக்கு முன்பே பார்த்துவிட்டன. கோலா சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அந்தக் காலத்திலிருந்தே தோட்ட வேலை என்றால் கூலியோடு லயத்து வீடு, மருந்தகம் எல்லாம் சேர்ந்த ஒரு 'பேக்கேஜ்'. பக்கத்திலேயே கள்ளுக்கடையும் இருந்தது.

அதில் வசதி இருந்தது, பிடியும் இருந்தது. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் போகும். வட சிலாங்கூரில் மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய 5 தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேல் போராட வேண்டி வந்தது. 1941இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தைப் படித்தால் இந்த வரலாற்றின் சுவடு தெரியும்.

பிரிவு 25: சம்பளம் முழுவதும் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். ரொக்கமாகவோ காசோலையாகவோ கொடுப்பதற்குத் தனி விதிமுறை உண்டு. ஹம்பராகக் கொடுக்க இடமில்லை.

பிரிவு 26: சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவு செய்ய வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது. "சம்பளத்துல ஒரு பகுதிக்கு நம்ம கடையிலயே சாமான் வாங்கணும்" என்ற நிபந்தனை செல்லாது.

பிரிவு 29: வீடு, உணவு, மருத்துவம் போன்ற வசதிகளைச் சம்பளத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக மதுபானம் கொடுக்கக் கூடாது.

பிரிவு 29இல் கவனிக்க வேண்டிய சொல் 'கூடுதலாக' என்பது.

குறைந்தபட்சச் சம்பளமும் இதில் வரும். 2025 பிப்ரவரி 1 முதல் அது மாதம் 1,700 ரிங்கிட். 5 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய கடைகளுக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்தது. அடிப்படைச் சம்பளம் இல்லாமல் கமிஷன் மட்டும் வாங்கும் ஊழியருக்கும் மாத வருமானம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது. பரிசுப் பொருளின் விலையைக் கூட்டி "கணக்குச் சரியா வந்துடுச்சு" என்று சொல்ல முடியாது.

500 ரிங்கிட் கமிஷனும் 500 ரிங்கிட் ஹம்பரும் ஒன்றா?

ஒன்றில்லை. ஊழியர் சேமநிதி பணமாக வரும் ஊதியத்துக்குத்தான் கணக்கிடப்படுகிறது. மாதம் 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கும் உள்நாட்டு ஊழியருக்கு முதலாளி 13 விழுக்காடு, ஊழியர் 11 விழுக்காடு செலுத்துகிறார்கள். 500 ரிங்கிட் கமிஷன் என்றால் முதலாளியின் பங்கு ஏறக்குறைய 65 ரிங்கிட், உங்கள் பங்கு 55 ரிங்கிட். மொத்தம் 120 ரிங்கிட் உங்கள் இபிஎஃப் கணக்கில் சேரும். ஹம்பருக்கு ஒரு சென் கூடச் சேராது.

கமிஷன் சம்பளச் சீட்டில் தெரியும். வீட்டுக் கடனோ கார் கடனோ கேட்டுப் போகும்போது வங்கி பார்ப்பது அந்தச் சீட்டைத்தான். ஏர் ஃப்ரையர் அதில் தெரியாது. அதனால் "இனிமே கமிஷன் இல்ல, அதுக்குப் பதிலா பரிசு" என்று ஒரு நிறுவனம் மாற்றினால், அது சம்பளக் குறைப்புதான்.

வரி உண்டா?

ஊழியருக்குக் கிடைக்கும் பொருளும் வருமானமாகக் கருதப்படலாம். ஆனால் சாதனை, சிறந்த சேவை, புத்தாக்கம், உற்பத்தித்திறன் ஆகியவற்றுக்காகவோ ஒரே முதலாளியிடம் 10 ஆண்டுகளுக்கும் மேல் வேலை செய்ததற்காகவோ கிடைக்கும் வெகுமதிக்கு ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. பணமாக வந்தாலும் பொருளாக வந்தாலும் அதே விதி.

நீங்கள் ஊழியர் இல்லை, முகவர் என்றால் விதி வேறு. ஓர் ஆண்டில் ஒரு நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த ஊக்கத்தொகையும் பரிசும் சேர்ந்து 5,000 ரிங்கிட்டைத் தாண்டினால், அது சிபி58 பாரத்தை அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் உங்களுக்குத் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணம், கார் எல்லாமே அதில் எழுதப்படும். முந்தைய ஆண்டில் 100,000 ரிங்கிட்டுக்கு மேல் பெற்ற முகவருக்குக் கொடுக்கும் ரொக்கத்தில் 2 விழுக்காடு வரி பிடிக்கப்படும். "ஃப்ரீ ட்ரிப்" என்று நினைத்துப் போய்விட்டு, வரிக் கணக்கு வரும்போது திகைத்து நிற்க வேண்டாம்.

நல்ல வெகுமதி எப்படி இருக்கும்?

சின்ன கடை நடத்துபவர்களும் குழுத் தலைவர்களும் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

நேரம்: சனிக்கிழமை வேலை இருக்கும் கடையில், சம்பளத்தோடு ஒரு சனிக்கிழமை விடுப்பு பெரிய பரிசு. தீபாவளிக்கு முந்தைய நாள் அரை நாள் என்றால் இன்னும் நல்லது. இது சட்டப்படியான ஆண்டு விடுப்புக்கு மேல் இருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்தது 8 நாள் ஆண்டு விடுப்பு எப்படியும் உங்கள் உரிமை.

குடும்பத்துக்கும் சேர்த்து: செகிஞ்சானில் ஒரு மதியச் சாப்பாடு, கம்போங் குவாந்தானில் படகில் போய் மின்மினி பார்ப்பது. பக்கத்திலேயே இருந்தும் பலர் போனதில்லை. அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாம் என்றால் அதன் மதிப்பே வேறு.

கற்றல்: ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பு, மொழி வகுப்பு, தொழில் உரிமத் தேர்வுக் கட்டணம். இந்த வேலையை விட்டுப் போனாலும் இது கூடவே வரும்.

பாராட்டு: என்ன செய்தார் என்று குறிப்பாக எழுதி, கையெழுத்திட்ட ஒரு கடிதம். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கூட உதவும்.

என்ன கொடுப்பது என்பதை ஊழியர்களிடமே கேட்பது நல்லது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர், ஹலால் பார்ப்பவர், மது தொடாதவர் எல்லாரும் ஒரே குழுவில் இருப்பார்கள். யோசிக்காமல் வாங்கிய ஹம்பர் அவமதிப்பாகக் கூடத் தெரியலாம்.

எங்கே தப்பாகப் போகிறது?

முதல் பரிசு ஒன்றுதான் என்றால் எப்போதும் ஒரே ஆள்தான் ஜெயிப்பார். மற்றவர்கள் இரண்டாவது மாதமே விட்டுவிடுவார்கள். பட்டணத்துக் கடையில் நிற்பவரையும் தோட்டம் தோட்டமாகப் போய் விற்பவரையும் ஒரே அளவுகோலில் அளப்பதும் நியாயமில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் போன மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் எல்லாருக்கும் வாய்ப்பு உண்டு.

அதிக அழுத்தம் பொய்யை வளர்க்கும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை இலக்கை எட்டுவதற்காக ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் அந்த வங்கிக்கு 185 மில்லியன் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறக்குறைய 5,300 பேர் வேலை இழந்தார்கள். நம் ஊரில் வாங்குபவர் அத்தையாகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருப்பார். பரிசுக்காகத் தேவையில்லாத பொருளை அவர்கள் தலையில் கட்டினால், போவது உறவு.

நேரடி விற்பனையில் கார் படம் காட்டினால்?

இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா? உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் சரிபார்க்கலாம். பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்குத்தான் பரிசு என்றால் அது பிரமிட் திட்டத்தின் அடையாளம்.

இரண்டு, அந்தக் காரின் கடன் யார் பெயரில்? சில திட்டங்களில் கடன் முகவர் பெயரில் இருக்கும். குறிப்பிட்ட விற்பனையை எட்டும் மாதங்களில் மட்டும் நிறுவனம் தவணைக்குப் பணம் தரும். விற்பனை விழுந்தால் தவணை உங்கள் தலையில்.

வேலைக்குச் சேரும்முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பரிசை எடுத்துவிட்டுப் பார்த்தால் என் அடிப்படைச் சம்பளமும் கமிஷனும் எவ்வளவு?
2. நான் ஊழியரா, முகவரா? சேமநிதியும் சொக்சோவும் உண்டா?
3. பரிசு விதிகள் எழுத்தில் இருக்கின்றனவா? எந்தத் தேதி வரை?
4. வாடிக்கையாளர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால், அல்லது நான் வேலையை விட்டால், பரிசைத் திருப்பிக் கேட்பார்களா?
5. கார், கைப்பேசி, பயணம் என்றால் யார் பெயரில், யார் செலவில்?

பதில்களை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றாலும் அழிக்காதீர்கள். சம்பளமோ கமிஷனோ சரியாக வரவில்லை என்றால் அருகில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் செய்யலாம். சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.